டிரைவர்தான் கொலைகாரன் என்று சொன்னேன்

தண்ணீரே இல்லாத கிணற்றுக்குள் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் மூழ்கிச் செத்துக் கிடக்கிறார். நுரையீரல் முழுக்கத் தண்ணீர், கிணற்றின் அடியிலோ காய்ந்த சருகு. முதல் பக்கத்திலேயே இப்படி ஒரு பிணத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, அடுத்த பக்கத்தில் சாவகாசமாக அந்த வீட்டுச் சமையலறையில் கொதிக்கும் ரசத்தைப் பற்றி எழுத ஆரம்பிக்கிற எழுத்தாளரை என்ன செய்வது? எனக்கும் என் அண்ணனுக்கும் அவர் 'நம்ம ஆள்'. பெயரைச் சொல்லிப் பேசிக்கொண்டதே இல்லை. பள்ளிக்கூட நாளிலிருந்து அவர் எழுதிய ஒரு கதையையும் நாங்கள் விட்டுவைத்ததில்லை.

நான் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வக்கீல் ஆபீசில் கிளார்க்காக இருக்கிறேன். ஆபீசுக்குப் பக்கத்துச் சந்தில் ஊதுபத்தியும் காலண்டரும் விற்கிற கடை ஒன்று உண்டு. சென்னையிலிருந்து வரும் புத்தகங்களையும் ஓர் ஓரத்தில் அடுக்கி வைத்திருப்பார்கள். வேலை முடிந்து ஸ்டேஷனுக்கு நடந்துகொண்டிருந்தபோது கடைக்காரர் கையைத் தட்டிக் கூப்பிட்டார்.

"அக்கா, உங்க ஆள் வந்துட்டாரு லா. ஒரு காப்பிதான் வந்துச்சி, ஒளிச்சி வெச்சிருக்கேன்."

வீடிருக்கும் கிள்ளானுக்குப் போகும் கொமுட்டர் ரயிலில் உட்கார இடம் கிடைத்தது என் கெட்ட நேரம். நின்றுகொண்டு வந்திருந்தால் வெளியே ஒரு கண் வைத்திருப்பேன். நீதிபதியின் வீட்டில் சந்தேகப்பட மொத்தம் நான்கு பேர். மகன், பார்த்துக்கொள்ள வந்த நர்ஸ், அடிக்கடி வந்துபோகும் பழைய வக்கீல், கார் டிரைவர். யாரோ ஒருவர் தினமும் அந்தக் காய்ந்த கிணற்றுக்குள் வாளியை இறக்கி ஏற்றுகிறார். வாளியில் ஒன்றுமே இல்லை. அது ஏன் என்று தெரிந்துகொள்ளாமல் தலையை நிமிர்த்துவதில்லை என்று இருந்தவள், நிமிர்ந்தபோது கிள்ளான் போய், பின்னால் வந்த ஸ்டேஷன்களும் போய், ரயில் துறைமுகத்தில் கடைசியாக வந்து நின்றிருந்தது. என்னைத் தவிர எல்லாரும் இறங்கிவிட்டார்கள்.

திரும்பிப் போகிற ரயிலுக்காக பிளாட்பாரத்தில் நின்றபோதுதான் அண்ணி போன் செய்தாள்.

"எங்க இருக்க? ஒங்கண்ணன் நெஞ்ச புடிச்சிக்கிட்டு ஒக்காந்துட்டாரு. வேர்த்து ஊத்துது. ஆம்புலன்ஸ் வந்திருச்சி, நீ நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துரு."

நடுவிரலைப் பக்கங்களுக்கிடையில் செருகியபடியே ஒரு வாடகைக் காரில் ஏறினேன். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போதுதான் அந்த விரல் இன்னும் புத்தகத்துக்குள் இருப்பதைப் பார்த்தேன். எனக்கே என்மேல் எரிச்சல் வந்தது.

அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாழ்நாள் முழுக்க லோரி ஓட்டியவன். கேரி தீவிலிருந்து செம்பனை எண்ணெய் ஏற்றிக்கொண்டு துறைமுகத்துக்குப் போகிற டேங்கர் லோரி. சரக்கு இறக்கக் காத்துக் கிடக்கிற நேரமெல்லாம் ஸ்டியரிங்மேல் புத்தகத்தைச் சாய்த்துப் படிப்பான். அவனிடம் உள்ள பெரிய கெட்ட பழக்கம், எந்தத் துப்பறியும் கதையை எடுத்தாலும் முதலில் கடைசிப் பக்கத்தைப் புரட்டி, கொலைகாரன் யார் என்று பார்த்துவிடுவது. பார்த்ததோடு சும்மா இருக்கவும் மாட்டான். நான் பாதியில் இருக்கும்போது பக்கத்தில் வந்து நின்று, "அந்த சமையக்காரன்கிட்ட கொஞ்சம் ஜாக்கிரதையா இரு" என்று போட்டு உடைப்பான். எத்தனை முறை அவனைக் கிள்ளியிருப்பேனோ தெரியாது.

எங்கள் அப்பா தோட்டத்து ஆபீசில் கிராணியாக, கணக்கு எழுதும் வேலை பார்த்தவர். எங்கள் சண்டை தாங்காமல் ஒருநாள் ஆபீஸ் ஸ்டேப்ளரைக் கொண்டுவந்து, புதுப் புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தை ஓரத்தில் மூன்று இடத்தில் அடித்து மூடினார். இரண்டு பேரும் அதுவரை படித்து முடித்த பிறகுதான் ஸ்டேப்ளர் கம்பியைக் கழற்றுவார். வேறு எந்த வீட்டிலாவது இப்படிச் செய்வார்களா என்று தெரியவில்லை. அப்பா போன பிறகு அந்தச் சட்டத்தை நான் எடுத்துக்கொண்டேன். அண்ணனுக்கு வயதாகி, நரைத்து, பேரப்பிள்ளை பிறந்தும் அவன் கைக்குப் போகிற புத்தகம் கம்பி அடித்துத்தான் போகும்.

அந்த நெஞ்சு வலி லேசானதல்ல. இரத்தக் குழாய்கள் பல இடத்தில் அடைத்திருந்தன. கோலாலம்பூரில் ஓர் ஆஸ்பத்திரிக்கு மாற்றி, நெஞ்சைத் திறந்து அறுவை செய்ய வேண்டும் என்றார்கள். டாக்டர் படத்தை வைத்து விளக்கத் தொடங்கியதும், அண்ணன் இரண்டு கையையும் தூக்கிவிட்டான்.

"டாக்டர், எனக்கு ஒண்ணும் சொல்ல வேணாம். செய்யறத செய்ங்க. சொல்றதெல்லாம் மை வைஃப்கிட்ட சொல்லுங்க, ஓகே?"

கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று மட்டும் கேட்டுப் போட்டான். உலகத்துக் கதைகளின் முடிவையெல்லாம் முதலில் பார்க்கிற ஆள், தன் விஷயத்தில் மட்டும் பார்க்க மாட்டேன் என்கிறான். நான் சிரித்திருக்க வேண்டும். முடியவில்லை.

டாக்டர் என்னையும் அண்ணியையும் வெளியே கூட்டிப்போய்ச் சொன்னார். இருதயத்தின் பலம் அவர் நினைத்ததைவிடக் குறைவு. செய்யாமல் விட்டால் அதிக நாள் தாங்காது. செய்தால் மேசையிலேயே போய்விடவும் வாய்ப்பு உண்டு. நாங்கள் முடிந்ததைச் செய்வோம், நீங்களும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவரு கேட்டாலும் வாயத் தொறக்காத. அவருதான வேணாம்னாரு. பயந்துட்டாருன்னா உள்ள போகவே மாட்டாரு."

நான் புத்தகத்தை அதற்குள் படித்து முடித்திருந்தேன். ஆபீசில் என் மேசையில் உள்ள சின்ன ஸ்டேப்ளரால் கடைசி அத்தியாயத்தை மூடி, வார்டுக்குக் கொண்டுபோய் அவன் மார்மேல் வைத்தேன். அவன் முகம் மலர்ந்ததைப் பார்த்தபோது, இந்த உலகத்தில் நம்ம ஆளைவிட நல்ல டாக்டர் யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நாட்களில் நான் போகும்போதெல்லாம் கிணற்றைப் பற்றியே பேசினோம். வாளி எதற்கு? நர்ஸ் ஏன் பொய் சொல்கிறாள்? அவனுக்கு ஒரே கோபம் டிரைவர் விஷயத்தில்தான்.

"எந்தக் கதையா இருந்தாலும் மொதல்ல டிரைவரத்தான் சந்தேகப்படுறாங்க. ஓட்டுறவன்னா எளக்காரமா? நம்ம ஆளுகூட இப்படியா?"

ஆனால் பேச்சு நடுநடுவே வேறு பக்கம் நழுவும். ஒருநாள் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மெதுவாகச் சொன்னான்.

"சாமியார் வந்து எண்ணெ பூசிட்டுப் போனாரு. சும்மா வருவாரா?"

கோயிலிலிருந்து சாமியாரை அழைத்து வந்தது அண்ணி. அவள் மனசுக்கு அது ஆறுதல். நாங்கள் வேதக்காரக் குடும்பம், கத்தோலிக்கர்கள். சாமியார் வந்து எண்ணெய் பூசுவது சாகக் கிடப்பவர்களுக்குத்தான் என்று எங்களில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். "ஆப்பரேஷன்னா எல்லாருக்கும் பூசறதுதான அண்ணே" என்றேன். அவன் என்னையே பார்த்தான். பிறகு புத்தகத்தைத் திருப்பிக்கொண்டான். வாயைத் திறந்து கேட்கவும் அவனுக்குத் தைரியம் இல்லை, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. எழுந்து போய் ஜன்னல் திரையை இழுத்துவிட்டேன், வேலை இருப்பதுபோல.

அறுவை நாள் காலையில் நான் போனபோது பச்சை உடுப்பு மாட்டி, தலைக்கு ஒரு தொப்பி போட்டு, சமையல்காரன்போல உட்கார்ந்திருந்தான். புத்தகத்தை என்னிடம் நீட்டினான்.

"கம்பி வரைக்கும் முடிச்சிட்டேன். அத நான் தொடல, பாத்துக்க."

"நல்ல பிள்ள" என்று வாங்கிக் கைப்பையில் போட்டேன். அண்ணி அவன் நெற்றியில் சிலுவை போட்டாள். ஆட்கள் கட்டிலைத் தள்ளத் தொடங்கினார்கள். நாங்களும் கூடவே நடந்தோம். எங்களுக்கு அனுமதி முடிகிற கதவுக்கு முன்னால், அவன் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினான்.

"ஆள் யாருன்னு சொல்லு."

"என்ன?"

"கெணத்துல போட்டது யாரு? சொல்லிட்டுப் போ."

"வந்து படிச்சிக்க, அண்ணே."

"இல்ல. இப்ப சொல்லு."

பிடி இறுகியது. கட்டில் தள்ளுகிறவர் நின்று, பரவாயில்லை என்பதுபோல வேறு பக்கம் பார்த்தார். அண்ணன் கண் என் கண்ணை விடவில்லை. இத்தனை வருஷத்தில் அவன் என்னிடம் முடிவைக் கேட்டதே கிடையாது. சொல்வது அவன், காதைப் பொத்திக்கொள்வது நான்.

சொல்ல மாட்டேன் என்றால், தெரியாமலே போய்விடுவானோ? முடிவு தெரியாமல் ஒரு கதையைக்கூட மூடி வைக்கத் தெரியாதவன். சொன்னால்? சொன்னால் நீ திரும்பி வந்து படிக்கப் போவதில்லை என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி. டாக்டர் சொன்னதை என் வாயால் சொன்ன மாதிரி. ஆனால் அவன் பிடியும் பார்வையும் என்னை அசைத்துவிட்டன. சொல்லிவிடுவது என்று முடிவு செய்து வாயைத் திறந்தேன். பெயர் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

"டிரைவர்" என்றேன்.

அது பொய். கதையில் டிரைவர் ஒரு பாவமும் அறியாதவன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே விளங்கவில்லை.

"டிரைவரா?"

"ஆமா. டிரைவர்தான்."

அவன் என்னைப் பார்த்தான். வாயோரம் லேசாக ஒரு கோணல் விழுந்தது. "சரி, போ" என்று கையை விட்டான். கட்டில் உள்ளே போனது, கதவு தானாக மூடிக்கொண்டது.

காத்திருக்கும் கூடத்தில் அண்ணி ஜெபமாலையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "கடேசியா என்னா சொன்னாரு ஒன்கிட்ட?" என்று கேட்டாள். கதையைப் பற்றி என்றேன். "இப்பகூடவா கதை" என்று தலையில் அடித்துக்கொண்டு மணிகளை உருட்டத் தொடங்கினாள். சுவர்த் திரையில் நோயாளிகளின் எண்கள் வரிசையாக இருந்தன. அவன் எண்ணுக்கு எதிரே அறுவை நடப்பதாக மலாயில் எழுதியிருந்தது. அது மாறவே இல்லை.

எதிரே உட்கார்ந்திருந்த மலாய்க்காரப் பெண்மணி தன் கறிபாப் பலகாரப் பொட்டலத்தை எங்களிடமும் நீட்டினாள். நான் ஒன்றை எடுத்துக் கையிலேயே வைத்திருந்தேன். எல்லாம் கூடிவந்து ஒரே நினைப்பாக என்னை அரித்தது. அவன் உள்ளேயே போய்விட்டால், நான் அவனுக்குக் கடைசியாகக் கொடுத்தது ஒரு பொய். அதுவும் எப்படிப்பட்ட பொய்! ஆயுசு முழுக்க ஸ்டியரிங் பிடித்தவனிடம் டிரைவர்தான் கொலைகாரன் என்று. அந்தக் கோணல் வாய் சிரிப்பா, வருத்தமா? எனக்கு என் வாயைக் கிழித்துக்கொள்ளலாம்போல இருந்தது.

நடுவில் ஒரு நர்ஸ் வந்து குடும்பத்தார் யார் என்று கேட்டாள். நாங்கள் இருவரும் எழுந்த வேகத்தில் ஜெபமாலை தரையில் விழுந்தது. குழாய்களை ஒட்டி முடித்துவிட்டார்களாம். ஆனால் இரத்தத்தை ஓடவைக்கும் மெஷினிலிருந்து எடுத்தால் இருதயம் சரியாகப் பிடிக்கவில்லை, மறுபடியும் மெஷினிலேயே வைத்திருக்கிறார்கள், இன்னும் நேரம் ஆகும், காத்திருங்கள். அவ்வளவுதான் சொன்னாள். போய்விட்டாள். அண்ணி சத்தம் வராமல் அழுதாள். நான் மாலையைப் பொறுக்கி அவள் கையில் வைத்தேன்.

கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல் புத்தகத்தை எடுத்தேன். படிக்க அல்ல, பிடித்துக்கொள்ள. விரல் தானாக ஓரத்தில் கம்பிகளைத் தடவியது. ஏதோ இடித்தது. குனிந்து பார்த்தேன். என் மேசை ஸ்டேப்ளரின் கம்பி சின்னது, மெல்லியது. இது தடித்த பெரிய கம்பி, வார்டு கவுண்ட்டரில் கட்டுக்கட்டாகக் காகிதம் அடிப்பார்களே, அது. ஒவ்வொரு கம்பிக்கும் பக்கத்தில் பழைய இரண்டு ஓட்டைகள், ஊசி குத்தினதுபோல. எடுத்துப் படித்துவிட்டு, நர்ஸிடம் ஸ்டேப்ளர் வாங்கித் திரும்ப அடித்து வைத்திருக்கிறான். "அத நான் தொடல, பாத்துக்க" என்று என் முகத்துக்கு நேரே சொன்ன திருடன்!

முதலில் கோபம்தான் வந்தது. அடுத்த நொடிதான் உறைத்தது. அப்படியானால் அவனுக்குக் கொலைகாரன் யார் என்று தெரியும். தெரிந்துகொண்டே கேட்டிருக்கிறான். எதற்கு?

நம்ம ஆளின் கதைகளை இத்தனை படித்தும், அந்தக் கூடத்தில் உட்கார்ந்து யோசித்ததுபோல நான் எந்தக் கதைக்கும் யோசித்ததில்லை. சும்மா சீண்டுவதற்கா? அந்தப் பிடி சீண்டுகிற பிடி அல்ல. என்னை எதற்கோ சோதித்திருக்கிறான். நான் சொன்ன பொய்யை வைத்து அவன் என்ன முடிவுக்கு வந்தான்? கடைசி நேரத்தில்கூடத் தங்கச்சி ஏமாற்றினாள் என்றா? பதில் அந்தக் கதவுக்குப் பின்னால் நெஞ்சு பிளந்து கிடந்தது. அவன் வந்து சொன்னால்தான் உண்டு. அப்பா சாமி, அவன் வெளியே வந்து என்னைத் திட்டட்டும், எவ்வளவு வேண்டுமானாலும் திட்டட்டும் என்று, ஜெபமே மறந்துபோன நான் அண்ணியின் மாலையில் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டேன்.

கூடத்தில் கூட்டம் குறைந்து, ஜன்னலில் வெயில் மஞ்சளாகிவிட்ட பிறகு டாக்டர் வந்தார். தொப்பியின் தடம் நெற்றியில் பதிந்திருந்தது. கொஞ்சம் பயமுறுத்திவிட்டது, ஆனால் இருதயம் தானாக அடிக்கிறது என்றார். அண்ணி அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். கறிபாப் இன்னும் என் கையில் இருந்தது, கசங்கிப்போய்.

தொண்டைக் குழாயை எடுத்த பிறகுதான் எங்களை ஒவ்வொருவராக உள்ளே விட்டார்கள். அண்ணி பார்த்துவிட்டு வந்ததும் நான் போனேன். உடம்பெல்லாம் ஒயர். நெஞ்சோடு ஒரு தலையணையைக் கட்டிப் பிடித்திருந்தான். இருமினாலோ சிரித்தாலோ தையல் வலிக்கும் என்று கொடுத்திருந்தார்கள். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான்.

"டிரைவராம்... டிரைவரு" என்றான், தகரத்தைச் சுரண்டுவதுபோல ஒரு குரலில்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "நீ கம்பியக் கழட்டிப் பாத்திருக்க, திருடா."

"குடுத்த அன்னிக்கே பாத்துட்டேன்."

"அப்புறம் என்னாத்துக்கு என்னக் கேட்ட?"

அவன் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான்.

"சாமியார் வந்தாரு. ஒங்கண்ணி மொகத்தையே காட்டல. டாக்டர்கிட்ட கேக்க பயம். ஒன்கிட்ட கேட்டா மழுப்புவ. அதான். நீ சரியான ஆளச் சொல்லியிருந்தன்னா, நான் வரமாட்டேன்னு முடிவு பண்ணிட்டன்னு அர்த்தம்."

"சொல்ல மாட்டேன்னு சொல்லியிருந்தா?"

"அது நீ எப்பவும் சொல்றதுதான. ஒண்ணும் தெரிஞ்சிருக்காது." மறுபடி மூச்சு வாங்கினான். "ஆனா நீ பொய் சொன்ன. நான் வந்து படிச்சிட்டு ஒன்கூட சண்ட போடணும்னுதான பொய் சொன்ன? அப்ப நான் வருவேன்னு ஒனக்குத் தெரிஞ்சிருக்கு. அப்பவே பயம் போயிருச்சி லா. தூங்கிட்டேன்."

அவன் கை மேல் என் கையை வைத்தேன், ஊசி குத்தியிருந்த இடத்தை விட்டு.

"டாக்டர் என்னாதான் சொன்னாரு ஒங்ககிட்ட?"

"அதுக்குக் கம்பி அடிச்சி வெச்சிருக்கேன்" என்றேன்.

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தலையணையை இறுக்கிக்கொண்டு, வலியில் முகத்தைச் சுளித்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். நர்ஸ் ஓடிவந்து என்னை வெளியே போகச் சொன்னாள்.

இப்போது தேறி வீட்டில் இருக்கிறான். லோரி ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள், அதில் கொஞ்சம் வாட்டம். கிணற்றுக் கதை அவன் வீட்டு அலமாரியில் இருக்கிறது. கொலைகாரன் யார் என்று நான் இங்கே எழுத மாட்டேன், வாங்கிப் படித்துக்கொள்ளுங்கள். இதை எழுதி முடித்ததும் அவனிடம்தான் முதலில் கொடுப்பேன். எப்படிப் படிப்பான் என்று தெரியும். தாள்களைத் திருப்பிப் போட்டு, கடைசிப் பக்கத்தில்தான் ஆரம்பிப்பான். அதனால் அவனுக்குச் சொல்ல வேண்டியதை இங்கேயே வைக்கிறேன், கம்பி அடிக்காமல்.

அண்ணே, நீ வருவாய் என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு என் நாக்கு நுனியில் இருந்தது சரியான பெயர்தான்.